போர்க்கால பி.எஸ்.ஏ. எம்20: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

இரண்டாம் உலகப் போருக்காகப் பிரிட்டனில் உருவான மோட்டார் சைக்கிள்களுள் எண்ணிக்கையில் முதலிடம் பி.எஸ்.ஏ. (பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்) நிறுவனத்தின் எம்20 வண்டிக்கே உரியது. பர்மிங்காம் நகரின் ஸ்மால் ஹீத் தொழிற்சாலையிலிருந்து போர் ஆண்டுகளில் ஏறத்தாழ 1,26,000 வண்டிகள் வெளிவந்தன. 1940 நவம்பர் 19 அன்று இரவு விழுந்த குண்டுகளில் தொழிற்சாலையின் ஒரு பகுதி இடிந்து 53 தொழிலாளர்கள் மாண்டனர். அதன் பிறகும் உற்பத்தி தொடர்ந்தது. வால் பேஜ் வடிவமைத்து 1937 இல் விற்பனைக்கு வந்த இந்த வண்டிக்கு 496 சி.சி. கொள்ளளவுள்ள ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், 82 மி.மீ. துளை, 94 மி.மீ. வீச்சு; வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில் நிற்கும் பழைய முறை. 13 குதிரைத் திறனைக் கொண்டு ஏறத்தாழ 170 கிலோ எடையை இழுக்க வேண்டியிருந்ததால், வேகம் மணிக்கு 100 கி.மீ. தொடுவதே அரிது. அதே காலத்து மேட்ச்லெஸ் ஜி3எல் இதைவிட இலகுவானது, ஓட்டவும் இனிமையானது என்பதை எம்20 பிரியர்களே ஒப்புக்கொள்வார்கள்.

ஆனாலும் சேகரிப்பாளர்கள் இதைத் தேடி வாங்குகிறார்கள். பெரும் எண்ணிக்கையில் உருவானதால் உதிரிப் பாகம் இன்றும் கிடைக்கிறது. சாலையோரத்தில், குறைந்த கருவிகளோடு, அதிகப் பயிற்சி இல்லாத இளம் சிப்பாய் பிரித்து மாட்ட வேண்டும் என்ற தேவையை ஏற்று அமைந்த எஞ்சின் என்பதால் எதையும் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள முடிகிறது. இன்று இந்த வண்டிகளில் காணும் கோளாறுகளில் பெரும்பாலானவை வடிவமைப்பின் குறைகள் அல்ல. நெடுங்காலம் ஓடாமல் நின்றதாலும், இடையில் வைத்திருந்தவர்கள் செய்த 'மேம்பாடு'களாலும் வந்தவையே அதிகம். ஆகவே கோளாறு இன்னதென்று சோதித்து உறுதிசெய்யும் முன் எந்தப் பாகத்தையும் மாற்ற வேண்டாம். கழற்றி எறிந்த அசல் கார்ப்பரேட்டரின் இடத்தில் புதிதாக வார்த்தது ஒன்று உட்கார்ந்தால் வண்டி ஓடும். ஆனால் அந்த வண்டியை வாங்கியதற்கான காரணத்தில் ஒரு பகுதி குப்பைக் கூடைக்குப் போய்விடும்.

கருவிகளைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. இந்த வண்டியின் நட்டுகள் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குல அளவைச் சேர்ந்தவை. மெட்ரிக் ஸ்பேனர்களில் ஒன்று ஏறக்குறையப் பொருந்துவது போலத் தெரியும். அந்த 'ஏறக்குறைய'தான் நட்டின் முனைகளை உருட்டிவிடும். விட்வொர்த் ஸ்பேனர் ஒரு செட், அங்குல அளவுள்ள ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடுகள்), ஒரு வோல்ட்மீட்டர் ஆகிய மூன்றும் கைவசம் இருந்தால் கீழே சொல்லும் வேலைகளில் பெரும்பகுதியை வீட்டிலேயே செய்துவிடலாம்.

எவ்வளவு உதைத்தும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

கோளாறு தேடும் முன் உதைக்கும் முறை சரிதானா என்று பார்க்க வேண்டும். புதிதாக வாங்கியவர்களின் புகார்களில் பல இங்கேயே தீர்ந்துவிடும். பெட்ரோல் குழாயின் திறப்பானை (காக்) திறந்து, கார்ப்பரேட்டரின் ஃப்ளோட் அறையின் மேலுள்ள டிக்லர் என்ற சிறு பொத்தானை அழுத்திப் பெட்ரோல் மெல்லக் கசியும் வரை பிடிக்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருந்தால் ஏர் லீவரை மூடி, இக்னிஷன் லீவரைப் பாதிக்கு மேல் பின்தள்ளி, ஆக்ஸிலேட்டரைச் சிறிதளவே திறந்துவைக்க வேண்டும். பிறகு கிக்கரை மெதுவாக அழுத்திக் கம்ப்ரெஷன் தடுக்கும் இடத்தைக் கண்டு, எக்ஸாஸ்ட் வால்வைத் தூக்கும் லீவரைப் பிடித்து அந்த இடத்தைச் சற்றே தாண்டி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே சீராக முழு நீளமும் உதைக்க வேண்டும். வெறியோடு உதைப்பவருக்கு இந்த எஞ்சின் பணிவதில்லை.

முறை சரியாக இருந்தும் பயனில்லை என்றால், முதல் சோதனை தீப்பொறி. பிளக்கைக் கழற்றி, அதன் வயரின் நுனியைச் சிலிண்டர் தலையிலிருந்து 5 மி.மீ. தள்ளிப் பிடித்து, கைக்குக் காப்பாக உலர்ந்த ரப்பரைச் சுற்றிக்கொண்டு, இன்னொருவரைக் கிக்கரை உதைக்கச் சொல்ல வேண்டும். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியேறும் என்பதால் வயரின் நுனி அத்துளையின் அருகில் வரக்கூடாது. நீலநிறப் பொறி அந்த இடைவெளியைத் தாண்டினால், பொறிக்கான மின்சாரத்தைத் தானே உண்டாக்கும் மேக்னெட்டோ நலமாக இருக்கிறது. பிளக்கை மாற்றிப் பார்த்துவிட்டு எரிபொருள் பக்கம் திரும்பலாம். பொறியே இல்லையென்றால் மேக்னெட்டோவின் பாயிண்ட் மூடியைத் திறந்து, மின்சாரத்தை இணைத்துப் பிரிக்கும் அந்தப் பாயிண்ட்களின் இடைவெளி முழுமையாகத் திறந்த நிலையில் 0.012 அங்குலம் இருக்கிறதா என்று ஃபீலர் கேஜால் பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியில் பாயிண்ட் முகங்களின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலமோ துருவோ படிந்திருக்கும். பெட்ரோலில் நனைத்த கெட்டித் தாளை இடையில் செருகி இழுத்தாலே பல சமயம் பொறி திரும்பிவிடும்.

அதற்கும் மசியாவிட்டால், பிளக் வயர் வந்து சேரும் பிக்கப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதன் உள்ளே ஸ்பிரிங்கோடு நிற்கும் கார்பன் பிரஷ் உடைந்தோ ஒட்டிக்கொண்டோ இருக்கலாம். பிக்கப் இருந்த துளை வழியே, பென்சிலில் சுற்றிய பெட்ரோல் துணியை உள்ளே நிற்கும் ஸ்லிப் ரிங்கின் மேல் லேசாக அழுத்திப் பிடித்து எஞ்சினை மெதுவாகச் சுற்றினால், துணி கறுத்து வெளியே வரும். அந்தக் கரிப்பொடிதான் மின்சாரத்தை மேக்னெட்டோவின் உடம்புக்குக் கசியவிடும் வழி. இதைச் செய்து பார்க்காமலே மேக்னெட்டோவைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பியவர்கள் பலர் உண்டு.

பொறி இருக்கிறது, பெட்ரோலும் வருகிறது, ஆனாலும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் கம்ப்ரெஷனைச் சோதிக்க வேண்டும். இங்கே ஒரு ஏமாற்று உண்டு. எம்20 எஞ்சினின் கம்ப்ரெஷன் விகிதம் 4.9:1 மட்டுமே, தரம் குறைந்த பெட்ரோலிலும் ஓட வேண்டும் என்பதற்காக வைத்த அளவு அது. இக்கால வண்டிகளில் பழகிய காலுக்கு இது எப்போதுமே 'காற்று இறங்கிய' எஞ்சினாகவே தோன்றும். ஆகவே உதைக்கும் வலிமையை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், கம்ப்ரெஷன் தடுக்கும் இடத்தில் கிக்கரின் மேல் உடல் எடையைச் சாய்த்து நிற்க வேண்டும். சில நொடிகள் தாங்கிப் பிறகு மெல்ல இறங்கினால் போதுமானது. உடனே இறங்கினால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும்: சைலன்ஸரில் சீறல் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்ப்பரேட்டரில் கேட்டால் இன்லெட் வால்வு, எண்ணெய் டேங்கின் மூடியைத் திறந்தால் கேட்கிறது என்றால் பிஸ்டன் ரிங்.

எக்ஸாஸ்ட் பக்கம் சீறினால் சிலிண்டர் தலையில் கைவைக்கும் முன் இரண்டு எளிய காரணங்களை விலக்கிக்கொள்ள வேண்டும். ஒன்று, வால்வைத் தூக்கும் லீவரின் கேபிளில் தளர்ச்சி இல்லாமல் இழுத்துக் கட்டியிருப்பது. வால்வு எந்நேரமும் மயிரிழை அளவு திறந்தே நிற்கும். மற்றொன்று, வால்வைத் தள்ளும் தண்டான டப்பெட்டின் இடைவெளி. எஞ்சின் குளிர்ந்த நிலையில், கம்ப்ரெஷன் வீச்சின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, பக்கவாட்டு மூடியைத் திறந்து இன்லெட்டுக்கு 0.010 அங்குலமும் எக்ஸாஸ்டுக்கு 0.012 அங்குலமும் வைக்க வேண்டும். இவ்விரண்டும் சரியாக இருந்தும் சீறினால்தான் தலையைக் கழற்றி வால்வு இருக்கையைத் தேய்க்கும் வேலை. வால்வுகள் சிலிண்டரிலேயே இருப்பதால் இந்த எஞ்சினில் தலை என்பது வெறும் இரும்பு மூடி. கழற்றுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

குளிர்ந்த நிலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகிறது, சூடேறியதும் அணைந்து, ஆறும் வரை மீண்டும் எழுவதில்லை

எம்20 என்றில்லை, மேக்னெட்டோவும் டைனமோவும் ஒன்றாக அமைந்த லூகாஸ் மேக்டைனோ பூட்டிய எல்லாப் பிரிட்டிஷ் வண்டிகளுக்கும் பொதுவான நோய் இது. இதைக் கண்டதும் கார்ப்பரேட்டரைப் பிரிக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். மேக்னெட்டோவின் சுழலும் ஆர்மேச்சருக்குள்ளேயே ஒரு கண்டென்சர் ஒளிந்திருக்கிறது. எண்பது ஆண்டுப் பழைமையில் அதன் காப்புத் தாள் ஈரத்தை வாங்கிக் கெட்டிருக்கும்; குளிரில் எப்படியோ வேலை செய்துகொண்டிருப்பது, எஞ்சின் சூட்டில் மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்கும். அதனுடன் சுருள் கம்பிகளின் மேல் பூசிய அரக்குப் பூச்சும் இளகி வழிந்து, சில சமயம் ஆர்மேச்சரையே மேக்னெட்டோவின் உடம்போடு ஒட்டவைத்துவிடும்.

உறுதிசெய்யும் வழி எளிது. எஞ்சின் அணைந்த அந்த நிமிடத்திலேயே, ஆறவிடாமல், மேலே சொன்ன 5 மி.மீ. சோதனையைச் செய்ய வேண்டும். குளிரில் தாண்டிய பொறி சூட்டில் தாண்டவில்லை என்றால் சந்தேகத்துக்கு இடமில்லை. பாயிண்ட்களின் இடையே வெளிச்சமான பொறி பறப்பதும், பாயிண்ட் முகங்கள் விரைவில் கருகுவதும் கண்டென்சர் கெட்டதற்கான கூடுதல் சாட்சிகள்.

இதற்கு வீட்டு மருந்து கிடையாது. மேக்னெட்டோவில் தேர்ந்த பட்டறையில் ஆர்மேச்சரைத் திரும்பச் சுற்றவைத்து, உள்ளே இக்காலக் கண்டென்சர் ஒன்றைப் பொருத்தவைப்பதே நிரந்தரத் தீர்வு. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் மாறியது தெரியாது என்பதால் அசல் தன்மைக்கும் பங்கமில்லை. நாமே ஆர்மேச்சரை உருவ முயல்பவர்கள், உடம்பின் பக்கவாட்டிலுள்ள பாதுகாப்புத் திருகையும் எர்த் பிரஷ்ஷையும் முதலில் கழற்ற வேண்டும். மறந்து இழுத்தால் ஸ்லிப் ரிங் அந்தக் கணமே உடையும். ஆர்மேச்சர் வெளியே வந்ததும் காந்த முனைகளுக்கு இடையே ஓர் இரும்புத் துண்டை வைக்காவிட்டால் காந்தமும் வலுவிழக்கும். பேட்டரியும் காயிலும் வைத்து இந்தத் தொல்லையை ஒரேயடியாக ஒழித்துவிடலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மேக்னெட்டோ இருப்பதால்தான் பேட்டரி செத்தாலும், பேட்டரியே இல்லாவிட்டாலும் இந்த வண்டி ஓடுகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதே அறிகுறியைப் போலத் தோன்றும் இன்னொன்று உண்டு: சில கிலோமீட்டர் ஓடியதும் பெட்ரோல் தீர்ந்தது போல இழுத்து இழுத்து நிற்பது, சற்று நேரத்தில் தானாகச் சரியாவது. நின்றதும் பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறக்க வேண்டும். காற்று உள்ளே புகும் ஓசை கேட்டு, வண்டி உடனே ஸ்டார்ட் ஆனால், மூடியிலுள்ள சிறு காற்றுத்துளை அடைத்திருக்கிறது. ஓர் ஊசியில் முடியும் வேலை.

கிக்கர் திருப்பி அடிக்கிறது

இது காலை முறிக்கக்கூடியது. சரிசெய்யும் வரை உதைப்பதை நிறுத்த வேண்டும். பொறி நேரத்துக்கு முன்பே விழுகிறது என்பதே பொருள். கைப்பிடியில் உள்ள இக்னிஷன் லீவரை அசைக்கும்போது மேக்னெட்டோவில் கேம் உண்மையிலேயே நகர்கிறதா என்று மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். கேபிள் அறுந்தோ துருப்பிடித்தோ இருந்தால் லீவர் மட்டும் ஆடும். அது சரியென்றால் டைமிங், அதாவது பொறி விழும் நேரம்: லீவரை முழுதும் முன்தள்ளிய நிலையில், பிஸ்டன் உச்சியை அடைய 7/16 அங்குலம், அதாவது சுமார் 11 மி.மீ., இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பாயிண்ட்களின் இடையே மெல்லிய சிகரெட் தாளை வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே எஞ்சினைச் சுற்றினால், தாள் விடுபடும் கணமே பாயிண்ட் திறக்கும் கணம்.

எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறுகிறது, ஏற்றத்தில் இழுப்பதில்லை

மேலே சொன்னதன் மறுபக்கம் இது. பொறி தாமதமாக விழுந்தால் எரியும் வாயு எக்ஸாஸ்ட் வழியில் எரிந்துகொண்டே போகும். பக்கவால்வு எஞ்சினில் அந்த வழி சிலிண்டரின் உடம்புக்குள்ளேயே வளைந்து செல்வதால் வார்ப்பிரும்பு முழுவதும் கொதிக்கும். புதிதாக மாட்டிய எக்ஸாஸ்ட் குழாய் சில நாளிலேயே நீலம் பாரித்தால் இதைச் சந்தேகிக்கலாம். ஸ்டார்ட் செய்வதற்காகப் பின்தள்ளிய லீவரை முன்னே தள்ள மறந்து ஓட்டுவதும் இதே விளைவைத் தரும். தானாக நேரம் மாற்றிக்கொள்ளும் வண்டிகளில் பழகியவர்களுக்கு இந்த மறதி இயல்பானது.

டைமிங் சரியாக இருந்தால் எரிபொருள் கலவை மெலிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அமல் 276 கார்ப்பரேட்டரின் உடம்பு துத்தநாகக் கலப்பு உலோகம். ஃபிளேஞ்சின் இரண்டு நட்டுகளையும் பலங்கொண்ட மட்டும் முறுக்கியவர்களின் கைவண்ணத்தால் அதன் முகம் வளைந்து, நடுவில் காற்றைக் குடிக்கும். ஐட்லிங் ஓட்டத்தில் ஃபிளேஞ்சின் சுற்றில் சிறிது எண்ணெயைத் தடவினால், ஓட்டம் மாறுவதிலிருந்து கசிவு தெரியும். கண்ணாடிப் பலகையின் மேல் உப்புத்தாளை விரித்து முகத்தைச் சமமாகத் தேய்ப்பதே வைத்தியம். தடித்த கேஸ்கட்டை வைத்து மேலும் முறுக்குவது வளைவைக் கூட்டும். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறது. இந்தியாவில் இப்போது 20 விழுக்காடு. எத்தனால் கலவையைச் சற்று மெலியச் செய்வதோடு, நீண்ட நாள் நிற்கும் வண்டியில் ஈரத்தை இழுத்து ஜெட்களைப் பச்சை பூக்கவைக்கும். டேங்கின் உட்புறம் பூசியிருந்த பழைய பூச்சை உரித்துப் பெட்ரோல் திறப்பானை அடைக்கவும் செய்யும். குளிர்காலத்துக்கு வண்டியை நிறுத்துபவர்கள் டேங்கையும் ஃப்ளோட் அறையையும் வடித்துவைப்பது நல்லது.

கார்ப்பரேட்டரிலிருந்து பெட்ரோல் ஒழுகுகிறது

பித்தளை ஃப்ளோட்டைக் கழற்றிக் காதருகே குலுக்கினால் உள்ளே பெட்ரோல் சலசலப்பது கேட்கும். ஃப்ளோட்டைப் பெட்ரோலுக்கு அப்பால் எடுத்துச் சென்று வெந்நீரில் அமிழ்த்தினால் குமிழி எழும் இடமே ஓட்டை. உள்ளிருக்கும் பெட்ரோல் முழுதும் ஆவியாகி வெளியேறிய பிறகே ஈயம் வைக்க வேண்டும். அவசரப்பட்டால் கையில் வெடிக்கும். ஃப்ளோட் நலமென்றால் ஊசியின் முனையில் வளையமாகத் தேய்மானம் விழுந்திருக்கும்.

புகை

ஸ்டார்ட் ஆனதும் நீலப்புகை மண்டி, சில நிமிடங்களில் தெளிந்துவிட்டால் கவலை வேண்டாம். இந்த எஞ்சினில் எண்ணெய் தனி டேங்கில் இருக்கிறது. வண்டி வாரக்கணக்கில் நிற்கும்போது தேய்ந்த பம்பின் வழியாகவும், ஸ்பிரிங்கோடு அமர்ந்த சிறு உருண்டை வால்வின் வழியாகவும் எண்ணெய் மெல்ல எஞ்சினின் அடியில் இறங்கி நிறைகிறது. ஸ்டார்ட் செய்யும் முன் அடித்தட்டின் வடிதிருகைத் திறந்து அந்த எண்ணெயை வடித்து, வடிகட்டி, எண்ணெய் டேங்கில் ஊற்றிவிடலாம். உருண்டையையும் அதன் இருக்கையையும் சுத்தம் செய்தால் இறங்கும் வேகம் குறையும். எண்ணெய்க் குழாயில் திறந்து மூடும் ஓர் அடைப்பானைப் பொருத்தும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. திறக்க மறந்த ஒரே நாளில் எஞ்சின் இறுகிப்போகும். தரையில் சிந்தும் எண்ணெயைவிட அந்தச் செலவு பெரிது.

புகை தெளியாமல் தொடர்ந்து நீலமாகவே வந்தால் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கிறது. கறுப்புப் புகைக்கு ஏர் லீவர் மூடியே இருப்பதோ மேலே சொன்ன ஃப்ளோட்டோ காரணம்.

எண்ணெய் டேங்குக்குத் திரும்பவில்லை

புகையைவிட முக்கியமானது இது. ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்ததும் எண்ணெய் டேங்கின் மூடியைத் திறந்து, உள்ளே திரும்பும் குழாயிலிருந்து எண்ணெய் விட்டு விட்டுக் கொப்பளிக்கிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் எதுவும் வராவிட்டால் எஞ்சினை நிறுத்த வேண்டும். எஞ்சினின் அடித்தட்டையும் சல்லடையையும் கழற்றினால், எண்ணெயை மேலே உறிஞ்சும் குழாயின் வாய் தெரியும். அதற்குள் ஓர் உருண்டை வால்வு இருக்கிறது. பழைய எண்ணெயின் கசடு அதைப் பிடித்துக்கொள்வதே வழக்கமான காரணம். மெல்லிய கம்பியால் உருண்டையை மேலே தள்ளினால், அது தன் எடையிலேயே கீழே விழ வேண்டும். விழாவிட்டால் மண்ணெண்ணெய் விட்டு அசைத்து விடுவிக்கலாம். உள்ளே கசடு எவ்வளவு என்று தெரியாத எஞ்சினில், கசடைக் கரைத்து மிதக்கவிடும் டிடர்ஜென்ட் வகை எண்ணெயைத் தவிர்த்து எஸ்.ஏ.இ. 50 தனித்தர எண்ணெயை ஊற்றுவதே பாதுகாப்பு. முழுதும் பிரித்துக் கழுவிய எஞ்சினுக்கு அந்தத் தடை இல்லை.

எஞ்சினில் தட்டும் ஓசை

குளிரில் கேட்டுச் சூட்டில் மறையும் சலங்கை போன்ற தட்டல் பிஸ்டனுடையது. வண்டியின் வயதுக்கு மரியாதை செய்து விட்டுவிடலாம். டிக் டிக் என்று சீராகக் கேட்பது டப்பெட். ஏற்றத்தில், ஆக்ஸிலேட்டரைத் திறந்து இழுக்கும்போது அடியிலிருந்து எழும் கனத்த இடி மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாதது. அது பிக் எண்ட் ரோலர் பேரிங்கின் குரல். தலையையும் சிலிண்டரையும் தூக்கி, கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தால், எஞ்சினை முழுதாகப் பிரித்து ஃப்ளைவீலை அழுத்திச் சேர்க்கத் தெரிந்த பட்டறைக்குத்தான் போக வேண்டும். பக்கவாட்டில் சிறிது நகர்வது இயல்பு. அதைக் கண்டு கலங்க வேண்டாம்.

கிளட்ச் வழுக்குகிறது, அல்லது விடுபட மறுக்கிறது

பிரைமரி செயின் எண்ணெயில் ஓடுகிறது. கிளட்ச் தட்டுகளோ அதே பெட்டிக்குள் ஒரு குவிந்த மூடிக்குள்ளே உலர்ந்திருக்க வேண்டும். மூடியின் கேஸ்கட் கசிந்தாலும், பெட்டியில் எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றினாலும் தட்டுகள் நனைந்து வழுக்கும். பெட்ரோலில் கழுவி உலர்த்தி, கேஸ்கட்டைப் புதுப்பித்தால் போதும். ஸ்பிரிங்கை இறுக்கி வழுக்கலை மறைத்தால் கை வலியும் விடுபடாத கிளட்சும்தான் மிஞ்சும். பழைய கிளட்ச் தட்டிலும் பிரேக் ஷூவிலும் கல்நார் இருக்கும் என்பதால் தூசியை ஊதவோ உலர்ந்த தூரிகையால் தட்டவோ கூடாது; ஈரத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். காலையில் தட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தால், ஸ்டார்ட் செய்யும் முன் கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இரண்டு மூன்று முறை அழுத்தினால் விடுபடும்.

விளக்கு மங்குகிறது, பேட்டரி ஏறவில்லை

6 வோல்ட் அமைப்பு. டைனமோவின் இரண்டு முனைகளிலிருந்தும் வயர்களைக் கழற்றி, முனைகளை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, அதற்கும் உடம்புக்கும் இடையே வோல்ட்மீட்டரை வைத்து, எஞ்சினை ஐட்லிங்குக்குச் சற்று மேலே ஓடவிட வேண்டும். 7 வோல்ட்டைத் தாண்டிச் சீராக ஏறினால் டைனமோ நலம். குற்றம் ரெகுலேட்டரிலோ வயரிங்கிலோ இருக்கிறது. இந்தச் சோதனையில் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் டைனமோவின் சுருள் கருகிவிடும். நெடுநாள் நின்ற டைனமோ தன் காந்த நினைவை இழந்திருக்கலாம். பேட்டரியின் வயரை ஃபீல்டு முனையில் ஒரு கணம் தொட்டு எடுத்தால் மீளும். எது எர்த், பாசிட்டிவா நெகட்டிவா என்பதை வண்டியில் இப்போதுள்ள இணைப்பைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். புத்தகத்தில் உள்ளதை நம்பிப் பேட்டரியைத் திருப்பி மாட்டக்கூடாது. இடையில் வந்தவர்கள் மாற்றியிருப்பார்கள்.

ஹேண்டில் ஆடுகிறது

முன்ஃபோர்க் கர்டர் வகை. நான்கு ஸ்பிண்டில்களில் தொங்கும் சட்டம். பின்புறத்தில் சஸ்பென்ஷனே கிடையாது. இருக்கையின் ஸ்பிரிங்கை நம்பியே முதுகு இருக்கிறது. ஆகவே முன்ஃபோர்க்கின் சிறு தளர்ச்சியும் கைக்குப் பெரிதாகத் தெரியும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் தெரியும் தளர்ச்சி ஸ்டீயரிங் தலையின் குண்டு பேரிங்குடையது. பக்கவாட்டில் தெரிவது ஸ்பிண்டிலுடையது. ஸ்பிண்டிலைச் சரிசெய்யும்போது பக்க ஆட்டம் ஒழிய வேண்டும், இணைப்புகள் தடையின்றி அசையவும் வேண்டும். பிறகு கிரீஸ் நிப்பிள் ஒவ்வொன்றிலும் புதிய கிரீஸ் பிதுங்கும் வரை அடிக்க வேண்டும். அசைவைத் தடுக்கும் டேம்பரை இறுக்கி ஆட்டத்தை அடக்குவது ஆபத்தை ஒளித்துவைப்பதே. டயர் 3.25-19, வரிப்பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றிவிட வேண்டும்.

வண்டி நலம், ஆனால் 'போர் வண்டி' என்பதில் ஐயம்

சேகரிப்பாளருக்கு இதுவும் ஒரு கோளாறுதான், அறிகுறிகளும் உண்டு. எம்20 போருக்குப் பின்னும் 1955 வரை உற்பத்தியானது. பின்னாளில் வந்த வண்டிக்குப் பச்சை பூசி, துணிப் பைகளைத் தொங்கவிட்டுப் போர் வண்டி என்று விற்பது எளிது. முதலில் பார்க்க வேண்டியது எண்கள். போர்க்கால ஒப்பந்த வண்டியின் எண்கள் 'டபிள்யூ எம்20' என்ற முன்னெழுத்தோடு தொடங்கும். எஞ்சின் எண்ணும் சட்ட எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பலரும் செய்யும் பிழை, அக்கால பி.எஸ்.ஏ. வண்டிகள் தொழிற்சாலையிலிருந்தே வெவ்வேறு எண்களோடு வந்தன, இராணுவப் பட்டறைகள் வண்டிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துக் கலந்து மாட்டின. ஆகையால் இரண்டும் அச்சாகப் பொருந்தினால்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். எண்ணின் அடியில் உலோகம் அரம் போட்ட பளபளப்போடு இருந்தால் விலையைப் பேசாமல் விலகுவதே மேல்.

அலுமினியச் சிலிண்டர் தலை 1951 இல் வந்தது; போர் வண்டியில் அது இருந்தால் பிற்கால மாற்று. கைப்பிடியும் கால்தாங்கியும் இன்னும் சுவையான சான்றுகள். 1942 தொடக்கத்தில் ஜப்பான் மலாயாவைக் கைப்பற்றியதும் பிரிட்டனுக்கு ரப்பர் வரத்து அறுந்தது. அங்கே தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள் என்பது நமக்குத் தெரிந்த வரலாறு. அதன் விளைவாக, பின்னாள் எம்20களில் ரப்பர் கைப்பிடிக்குப் பதில் கித்தான் துணிப் பிடியும், ரப்பர் உறையற்ற இரும்புக் கால்தாங்கியும் வந்தன. 1940 இல் உருவானதாகச் சொல்லும் வண்டியில் கித்தான் பிடி இருந்தால் அது இடையில் மாற்றியது; 1943 வண்டியில் பளபளக்கும் ரப்பர் இருந்தாலும் அப்படியே. பாலைவனத்துக்கான பெரிய வோக்ஸ் காற்று வடிகட்டியை எல்லா வண்டியிலும் பொருத்தி அழகு பார்ப்பது இப்போதைய நாகரிகம். அதற்கேற்பப் பெட்ரோல் டேங்கில் இடைவெட்டு இருக்கிறதா என்று பார்த்தால் உண்மை தெரியும்.

வண்ணத்தில் ஏமாறுபவர்களே அதிகம். போரின் தொடக்க ஆண்டுகளில் காக்கிப் பச்சை, 1941 முதல் இராணுவ வண்ணப் பட்டியலில் எஸ்.சி.சி. 2 என்ற பழுப்பு, 1944 முதல் எஸ்.சி.சி. 15 என்ற ஆலிவ் நிறம். விமானப்படைக்கு நீலம் கலந்த சாம்பல். எல்லாக் காலத்துக்கும் ஒரே அமெரிக்க ஆலிவ் நிறத்தைப் பூசிய வண்டி, பூசியவர் தேடிப் படிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லும். புது வண்ணத்துக்குப் பழையதைச் சுரண்டும் முன், டேங்கின் அடிப்புறத்தையும் கருவிப் பெட்டியின் உட்புறத்தையும் ஸ்டீயரிங் தலையின் மூலைகளையும் ஒரு தடவை விளக்கடித்துப் பார்க்க வேண்டும். டேங்கின் பக்கத்தில், பல பூச்சுகளுக்கு அடியில், 'சி' எழுத்தில் தொடங்கும் இராணுவப் பதிவெண் கிடக்கக்கூடும். மிக நுண்ணிய உப்புத்தாளை நீரில் நனைத்து, ஒவ்வொரு பூச்சாக, விரல் அகலத்துக்கு மேல் போகாமல் தேய்த்து இறங்க வேண்டும். எழுத்தின் விளிம்பு தென்பட்டதும் தேய்ப்பதை நிறுத்தி, படம் எடுத்து, அந்தப் படத்தோடும் எஞ்சின், சட்ட எண்களோடும் பி.எஸ்.ஏ. உரிமையாளர் சங்கத்திடம் காலநிர்ணயச் சான்றுக்கு விண்ணப்பித்த பிறகே வண்ணப்பூச்சுக்காரரை அழைக்க வேண்டும்.